சருகு உதிரும்போதே தொடங்கும் இளவேனில்

நம் ஊரில் வசந்தம் என்று ஒன்று உண்டா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வெயில் காலம், மழைக் காலம், நடுவில் கொஞ்சம் பனி, அவ்வளவுதானே என்பார்கள். பனி உருகி, மண்ணைப் பிளந்துகொண்டு பூ எட்டிப்பார்க்கும் வசந்தத்தை இங்கே தேடினால் கிடைக்காதுதான். ஆனால் நமக்கென்று ஓர் இளவேனில் இருக்கிறது. அது வரும் விதம் வேறு, வரும் வரிசை வேறு. அந்த வரிசையைப் புரிந்துகொண்டுவிட்டால், வீட்டு வாசலில் நின்றபடியே அதன் வருகையைப் பார்க்கலாம்.

குளிர் நாடுகளில் மரம் மொட்டையாகி, மாதக்கணக்கில் அப்படியே நின்று, பிறகுதான் துளிர்க்கிறது. தமிழ்நாட்டின் சமவெளியில் அந்த இடைவெளியே கிடையாது. இலை உதிர்வது, துளிர்ப்பது, பூப்பது எல்லாம் தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி முடிவதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்துவிடுகின்றன. ஒரே தெருவில் ஒரு மரம் சருகைக் கொட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து மரம் செம்பு நிறத்தில் தளிர்விட்டிருக்கும். அதற்கடுத்தது இலையே இல்லாமல் பூத்துச் சிவந்திருக்கும். ஆகவே புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர்கள் பச்சையைத் தேடி அண்ணாந்து பார்ப்பதற்கு முன், தரையைப் பார்க்க வேண்டும். காலையில் வாசல் பெருக்குபவர்களுக்கு வேலை கூடுகிறதே, அந்த வாரம்தான் தொடக்கம்.

நம் மரபில் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சித்திரை பிறக்கட்டும் என்று காத்திருந்தால் பாதி நாடகம் முடிந்த பிறகுதான் கொட்டகைக்குள் நுழைவோம். மரங்களும் பறவைகளும் பின்பனியிலேயே ஆயத்தத்தைத் தொடங்கிவிடுகின்றன. மாசி பிறப்பது பிப்ரவரி 13 வாக்கில். அன்றிலிருந்து கண்ணைத் திறந்து வைத்திருந்தால் சரியாக இருக்கும்.

மழை இல்லாத நேரத்தில் ஏன் துளிர்க்கிறது?

இது நியாயமான கேள்வி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடுகிறது. ஜனவரி முதல் மண் காயத் தொடங்குகிறது. மார்ச்சில் கிணற்றில் நீர் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து மரம் புது இலை விடுவது, கையில் காசில்லாத நேரத்தில் கல்யாணச் செலவு செய்வது போலத் தோன்றும். ஆனால் மரத்தின் கணக்கு தெளிவானது.

இலைகள்தாம் மரத்தின் நீரை வெளியேற்றும் வாசல்கள். பழைய இலைகள் முதிர்ந்து, அவற்றின் வழியாக நீர் வீணாகிக்கொண்டே இருக்கும். அவற்றை உதிர்த்துவிட்டால் நீரிழப்பு சட்டென்று குறைகிறது. ஆழத்தில் இருக்கும் வேர் இழுக்கும் நீர் தண்டிலும் கிளையிலும் நிரம்புகிறது. அப்படி நிரம்பிய நீரைக் கொண்டுதான் மரம் மழைக்குக் காத்திராமல் தளிர்விடுகிறது. மேகமில்லாத வானம், நிறைய வெயில். புது இலை உணவு தயாரிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. மழைக்காலத்தோடு ஒப்பிட்டால் இலை தின்னும் பூச்சிகளும் குறைவு. தென்மேற்குக் காற்று வீசுவதற்குள் இலை முற்றித் தடித்துவிடுகிறது.

சரி, காலம் வந்துவிட்டது என்று மரத்துக்கு யார் சொல்வது? வெப்பம் ஒரு பங்கு, மண்ணின் ஈரம் ஒரு பங்கு, பகலின் நீளம் ஒரு பங்கு. லண்டனில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 9 மணி நேரம். சென்னையில் அது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நாம் கவனிக்கவே மாட்டோம். ஆனால் இவ்வளவு சிறிய மாற்றத்தையும் உணரக்கூடிய மரங்கள் வெப்பமண்டலத்தில் இருக்கின்றன. மார்ச் 20 அல்லது 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகும்போது நம் மரங்களில் பல தளிரோடும் பூவோடும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு மரம் என்றால், வேம்பு

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கற்றுக்கொள்ள முயல வேண்டாம். ஒரு மரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தை என்று யாராவது என்னிடம் கேட்டால், தயங்காமல் வேம்பைத்தான் சொல்வேன். அது எங்கும் இருக்கிறது. யாரையும் கேட்காமல் அடையாளம் காணலாம். எல்லாக் கட்டங்களையும் கண்ணுக்குத் தெரியும்படி கடந்து செல்கிறது.

முதல் கட்டம் மஞ்சள். தை பிற்பகுதியிலோ மாசியிலோ கரும்பச்சையாக இருந்த மரத்தில் அங்கங்கே சிற்றிலைகள் மஞ்சளாகும். லேசான காற்றுக்கே அவை சுழன்று விழும். சில மரங்கள் முழுக்க மொட்டையாகும். சில பாதியோடு நின்றுவிடும். தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் வேம்பு பெரும்பாலும் மொட்டையாவதே இல்லை.

இரண்டாவது கட்டம் சிவப்பு. கிளை நுனிகளில் செம்பும் பழுப்பும் கலந்த தளிர்க்கொத்து தோன்றும். தொட்டால் பட்டுப்போல் வழவழப்பாக இருக்கும். இந்தச் சிவப்பு அழகுக்காக வந்ததல்ல. ஆந்தோசயனின் என்ற நிறமி தளிருக்குள் இருப்பதால் வரும் நிறம் அது. இளம் இலையில் பச்சையம் இன்னும் முழுமையாக உருவாகியிருக்காது. கடும் வெயில் அதைக் கருக்கிவிடும். அதைத் தாங்க இந்த நிறமி துணை செய்கிறது. பூச்சிகளின் கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் தளிரைக் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. வேம்பில் ஒருமுறை இதைப் பார்த்துப் பழகிவிட்டால், அரசிலும் மாவிலும் வரும் செந்தளிர் உடனே கண்ணில் படும்.

மூன்றாவது கட்டம் இளம்பச்சை. சிவப்பு ஒரு சில வாரங்களில் வெளிறிப் பளிச்சென்ற பச்சையாகிறது. கூடவே, இலைக்காம்புகளின் இடுக்கிலிருந்து கடுகளவு மொட்டுகள் கொண்ட பூங்கொத்து நீள்கிறது.

நான்காவதைக் கண்ணுக்கு முன் மூக்கு கண்டுபிடிக்கும். பங்குனியில் மாலை வேளையில் வேப்ப மரத்தடியைக் கடந்தால் தேன் கலந்த ஒரு மெல்லிய மணம் வரும். அண்ணாந்து பார்த்தால் பூ தெரியாது, அவ்வளவு சிறியது. காலையில் தரையில் வெள்ளைப் பொடியாகக் கொட்டிக்கிடப்பதைப் பார்த்த பிறகுதான் மரம் பூத்தது உறுதியாகும். அந்தப் பூதான் ஏப்ரல் 14 வாக்கில் வரும் சித்திரை முதல் நாளன்று வெல்லத்தோடும் மாங்காயோடும் சேர்ந்து பச்சடியாகிறது. பச்சடிக்குப் புதிய பூ கிடைத்ததா, போன வருடம் காயவைத்ததைப் போட்டார்களா என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் ஊர் வேம்பைப் பற்றிய மிக நல்ல தகவல்.

மற்ற மரங்கள்

வேம்புக்குச் சற்று முன்னும் பின்னுமாகப் பல மரங்கள் வருகின்றன. நாட்டு வாதுமை இலை உதிர்ப்பதற்கு முன் ரத்தச் சிவப்பாகிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் தெருவோரம் அதைப் பார்க்கலாம். அரச மரம் மாசி பங்குனியில் வெகு விரைவாக உடை மாற்றிக்கொள்ளும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் மொட்டையாக இருந்த மரத்தில் இளஞ்சிவப்புத் தளிர் ஆடிக்கொண்டிருக்கும். புங்கனின் புதுப்பச்சையை வேறெந்த மரத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாது. மார்ச்சின் வெயிலில் கண் கூசும் அளவுக்குப் பளபளக்கும் அந்த நிறம் சில வாரங்களே நிற்கும். பிறகு வெளிர் ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ பொரி சிதறியதுபோல் தரையை மூடிவிடும்.

இலையில்லாமல் பூக்கும் மரங்கள் தனிக் கூட்டம். முள்ளிலவு, கல்யாண முருங்கை, புரசு. மூன்றும் சிவப்புக் குடும்பம். ஜனவரி முதல் மார்ச் வரை அவற்றின் காலம். புரசு இன்று நகரங்களில் அரிது. சென்னையின் புரசைவாக்கம் கோயிலில் தல விருட்சமே அதுதான். இந்த மரங்கள் பூக்கும்போது இலையை ஒதுக்கிவிடுவதில் பொருள் இருக்கிறது. மறைக்க இலை இல்லாததால் பூக்கள் வெகு தொலைவிலிருந்தும் பறவைகளின் கண்ணில் படும். முள்ளிலவு பூத்திருக்கும் மரத்தடியில் அரை மணி நேரம் நின்றால் மைனா, காகம், கரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு, அணில் என்று ஊரே வந்துபோகும். மகரந்தம் ஒட்டி முகம் மஞ்சளான மைனாவைப் பார்த்தால் வேறு ஏதோ பறவை என்று தோன்றக்கூடும். பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு இதைவிட எளிய இடம் கிடையாது. பறவையைத் தேடி அலைய வேண்டாம். அவை உங்களிடம் வரும்.

பஞ்சு தரும் இலவம் வேறு மரம். அதன் வெளிறிய பூக்கள் இரவில் விரிகின்றன. வௌவால்கள் அவற்றைத் தேடி வருகின்றன. காலையில் மரத்தடியில் கிடக்கும் பூக்கள்தாம் நமக்குக் கிடைக்கும் சாட்சி.

மா எல்லாருக்கும் முந்திக்கொள்ளும். தை மாதத்திலேயே பூங்கொத்து வந்துவிடும். அதன் மணத்தோடு இன்னொன்றையும் கவனியுங்கள். மரத்தடியில் நிறுத்திய வண்டியின் இருக்கை பிசுபிசுவென்று ஒட்டும். பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர் அது. அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்து இலை கறுத்துப்போவதும் உண்டு. தோட்டக்காரர்களுக்கு அது தொல்லை. கவனிப்பவர்களுக்கு அது பூக்காலத்தின் கையெழுத்து. சந்தையில் மாவடு வரத் தொடங்கிவிட்டால் சமவெளியின் பூக்காலம் பாதி கடந்தது என்று பொருள்.

மரமே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பூக்கடையைப் பார்க்கலாம். மார்கழி, தையில் பனியால் மல்லிகை விளைச்சல் படுத்துவிடும். விலை எட்டாத உயரத்துக்குப் போகும். மாசிக்குப் பின் செடி அரும்பு கட்டத் தொடங்குகிறது, பங்குனி, சித்திரையில் மல்லிகை குவிகிறது, விலை இறங்குகிறது. முழம் என்ன விலை என்று கேட்பதும் ஒருவகைப் பருவக் கண்காணிப்புதான். திருவிழாவும் முகூர்த்த நாளும் விலையை ஏற்றும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காதால் அறிவது

இந்த நாட்களில் கேட்கும் முதல் ஒலி பறவையுடையதாக இல்லாமல் போகலாம். இலை உதிர்ந்த வாகை மரத்தில் காய்ந்த நெற்றுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். காற்றடித்தால் உள்ளே இருக்கும் விதைகள் கலகலவென்று ஒலிக்கும். மாசியின் வறண்ட காற்றுக்கே உரிய ஓசை அது. சித்திரையில் அதே மரம் வெளிர்மஞ்சள் நிறத்தில் மணக்க மணக்கப் பூக்கும்.

பிறகு குயில். குயில் வசந்தத்தில் எங்கிருந்தோ வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் அது ஆண்டு முழுவதும் நம்மோடுதான் இருக்கிறது. அடர்ந்த இலைகளுக்குள் பழம் தின்றுகொண்டு அடங்கியிருக்கும். இனப்பெருக்கக் காலம் நெருங்க நெருங்க ஆண் குயிலின் குரல் திறந்துகொள்கிறது. தையில் எப்போதாவது அரைகுறையாக ஒருமுறை கூவிவிட்டு நிறுத்திவிடும். பங்குனியில் விடியலுக்கு முன்பே தொடங்கி, ஒவ்வொரு கூவலிலும் சுருதியை ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று நிறுத்தும். அந்த ஏறுவரிசைக் கூவலைத்தான் அறிகுறியாக எழுதிக்கொள்ள வேண்டும்; அரைகுறைக் கூவலை அல்ல. கூவுவது கன்னங்கரிய ஆண். பெண் பழுப்பு நிறம், உடலெங்கும் வெண்புள்ளிகள். அதன் குரல் 'கிக் கிக் கிக்' என்ற விரைவான கத்தல்.

குயிலின் காலக்கணக்கைத் தீர்மானிப்பது காகம். பங்குனி, சித்திரையில் காகங்கள் குச்சியும் கம்பியும் தூக்கிக்கொண்டு பறப்பதைக் காணலாம். குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆகவே காகம் கூடு கட்டாத காலத்தில் குயில் பாடுவதில் பயனில்லை. குயில் முட்டை காக முட்டையைவிடச் சில நாட்கள் முன்னதாகப் பொரிந்துவிடும். ஆனால் குயில் குஞ்சு, வேறு சில குயிலினக் குஞ்சுகளைப் போல, கூட்டிலிருக்கும் மற்றவற்றைத் தள்ளிவிடுவது வழக்கமல்ல. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதுண்டு. மரத்தில் இரண்டு குயில்கள் மாறி மாறிக் கூவுவதையும், கோபமுற்ற காகங்கள் ஒரு குயிலை விரட்டுவதையும் ஒரே காலையில் பார்த்துவிட்டால், அந்தத் தெருவில் எங்கோ கூடு இருக்கிறது என்று துணிந்து எழுதலாம்.

செம்மார்புக் குக்குறுவானின் 'டுக் டுக் டுக்' மாசியிலிருந்தே நீளத் தொடங்கும். செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போன்ற சீரான ஓசை. குருவியைவிடச் சற்றே பெரிய அந்தப் பறவை வாயைத் திறக்காமலே, தொண்டையை உப்பவைத்துக் கூவுகிறது. பட்டுப்போன கிளையில் வட்டமாக ஒரு துளையும், கீழே மரத்தூளும் தென்பட்டால் அது கூடு குடையத் தொடங்கிவிட்டது. பட்ட கிளைதானே என்று அந்த நேரத்தில் வெட்டிவிடாதீர்கள். அதற்குள் ஒரு குடும்பம் இருக்கலாம்.

குண்டுக்கரிச்சான் இன்னும் இனிமையான சாட்சி. கறுப்பும் வெள்ளையுமான இந்தப் பறவை குளிர்காலத்தில் புதருக்குள் சிணுங்கிக்கொண்டு திரியும். இளவேனில் நெருங்கினால் ஆண் பறவை மொட்டை மாடிக் கம்பியிலோ மரத்தின் உச்சியிலோ ஏறி நின்று, வெளிச்சம் வருவதற்கு முன்பே விசில் அடித்துப் பாடத் தொடங்கும். எந்த நாளில் அது புதரிலிருந்து உச்சிக்கு ஏறியது என்பதைக் குறித்துவைப்பது, எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய இன்பங்களில் ஒன்று.

உடை மாற்றுபவர்கள், விடைபெறுபவர்கள்

ஆண் ஊதாத் தேன்சிட்டு பிற காலத்தில் பெண்ணைப் போலவே மங்கலான மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். தொண்டையிலிருந்து வயிறு வரை கறுப்புக் கோடு ஒன்று மட்டும் ஓடும். இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுக்க ஊதா மினுங்கும் கருமை. நடுவில் சில வாரங்கள் பாதி அது, பாதி இது என்று திட்டுத்திட்டாக இருக்கும் ஆணைப் பார்த்தால் பருவம் மாறுவதையே நேரில் பார்க்கிறோம்.

வயல் பக்கம் இருப்பவர்களுக்கு உண்ணிக்கொக்கும் மடையானும் உண்டு. வெள்ளை வெளேரென்று மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் ஏறும். மண்ணோடு மண்ணாக மறைந்து நிற்கும் மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும். ஆனால் இவற்றை மட்டும் நம்பிவிட வேண்டாம். வடகிழக்கு மழையில் ஏரி நிரம்பியதும் கூடு கட்டும் இடங்களில் நீர்ப்பறவைகளின் நாட்காட்டி வேறு. வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரைதான் கூட்டுக் காலம். ஊரெங்கும் தளிர்விடும்போது அங்கே குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோகத் தொடங்குகின்றன.

நம் இளவேனிலில் பிரிவும் ஒரு பாதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வட நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகளின் வருகை. அவர்களிடம் வருகிறவற்றில் ஒரு பங்கு நம்மிடமிருந்துதான் புறப்படுகிறது. வயல்களில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய மஞ்சள் வாலாட்டிகள், கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த தகைவிலான்கள், புதர்மேல் அமர்ந்து கரகரத்த பழுப்புக் கீச்சான் எல்லாம் மார்ச், ஏப்ரலில் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. கூட்டம் கூட்டமாகச் சுழலும் சூறைக்குருவிகள் கிளம்புவதற்கு முன் உடல் இளஞ்சிவப்பும் தலை பளபளக்கும் கறுப்புமாகத் தெளிந்துவிடும். அவை கூடு கட்டப் போவது மத்திய ஆசியாவுக்கு. இமயமலை அடிவாரம் வரை திரும்பிச் செல்லும் ஆறுமணிக் குருவி, போகிற வழியில் ஏப்ரலில் சில நாட்கள் உங்கள் தோட்டத்தில் தங்கி, அதிகாலையிலும் அந்தியிலும் இரட்டை விசில் கொடுக்கக்கூடும்.

கடற்கரையில் இருப்பவர்களின் அறிகுறி மணலில் இருக்கிறது. பங்குனி ஆமை என்று மீனவர்கள் அழைக்கும் சிறிய கடலாமை ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கரையேறி முட்டையிடுகிறது. ஏறக்குறைய 50 நாட்களில் முட்டை பொரிகிறது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை. கடலின் மெல்லிய ஒளியைவிடச் சாலை விளக்கு பிரகாசமாக இருந்தால் திசை மாறி ஊருக்குள் வந்துவிடும். சென்னையில் 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இந்தப் பருவத்தில் இரவுதோறும் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் பொரிக்கவைத்துக் கடலில் விடுகிறார்கள். பொதுமக்களும் அந்த நடையில் சேர்ந்துகொள்ளலாம்.

மலைகளின் கதை வேறு. உதகை, குன்னூர்ப் பக்கம் மார்ச், ஏப்ரலில் ஊதாவாகப் பூத்துக் குலுங்கும் ஜகரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளில் இலை உதிர்ந்து மொட்டையாகும் காட்சியே இருக்காது. வறண்ட மாதங்களில் நாங்கு போன்ற மரங்கள் விடும் ரத்தச் சிவப்புத் தளிரால் காட்டின் கூரை அங்கங்கே பூத்ததுபோல் தோன்றும். சமவெளியில் எழுதிய தேதிகளை மலைக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஏமாற்றும் அறிகுறிகள்

செம்பருத்தி, பூவரசு, அரளி ஆண்டு முழுக்கப் பூப்பவை. அவற்றை வைத்துப் பருவம் சொல்ல முடியாது. தினமும் தண்ணீர் ஊற்றும் தோட்டத்து மரம் வெளியே நிற்கும் தன் இனத்தை விட்டு விலகி நடக்கும். பருவம் தப்பிய ஒரு மழை சில மரங்களைத் திடீரென்று பூக்கவைத்துவிடும். மாவில் ஒரு கிளை மட்டும் புரட்டாசியில் பூப்பது புதிதல்ல. ஆகவே ஒரு கிளை, ஒரு பறவை, ஒரு நாள் ஆகியவற்றை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று மரங்கள் ஒரே வாரத்தில் ஒரே வேலையைச் செய்தால் அதை அறிகுறி என்று கொள்ளலாம்.

எழுதிவைக்கும் முறை

தினமும் கடந்துபோகும் வழியில் இருக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தினமும் பார்க்க முடியாத அழகான மரத்தைவிட, தினமும் பார்க்கும் சாதாரண மரம் மேல். வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்து ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: முற்றிய இலை எவ்வளவு, தளிர் எவ்வளவு, மொட்டு உண்டா, விரிந்த பூ உண்டா, காய் உண்டா. 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்ற மூன்று அளவுகள் போதும். 'இல்லை' என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும். பிப்ரவரி 20இல் பூ இல்லை, 27இல் இருந்தது என்று எழுதியிருந்தால்தான் அந்த இடைப்பட்ட ஏழு நாட்களுக்குள் பூத்தது என்று சொல்ல முடியும். தமிழ்த் தேதியையும் சேர்த்து எழுதலாம். நம் மாதங்கள் சூரியனை வைத்துக் கணக்கிடப்படுவதால் வருடத்துக்கு வருடம் ஒப்பிடுவதில் சிக்கல் வராது.

பறவைகளில் முதல் வருகையைவிடக் கடைசிப் பார்வையை எழுதுவது கடினம். கடைசி வாலாட்டியைப் பார்க்கும் அன்று அதுதான் கடைசி என்று நமக்குத் தெரியாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தால்தான் பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு, அந்தப் பட்டியலையே தொடக்கமாக வைத்துக்கொள்வது நல்ல வழி. தை முதல் வாரத்தில் உங்கள் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்பது கையில் இருந்தால், சித்திரையில் யாரைக் காணவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட குறிப்புகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பழைய குறிப்பேடுகளைக் காட்டலாம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் தன் தோட்டத்தில் பூவும் இலையும் பறவையும் முதலில் தோன்றும் நாட்களை எழுதத் தொடங்கினார். அவர் வழிவந்தவர்கள் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் பூத்த நாட்களைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. 2021இல் அங்கே மார்ச் 26 அன்றே மரங்கள் முழுமையாகப் பூத்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு முன்கூட்டிப் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். எழுதியவர்களில் பலர் அரசவையினரும் துறவிகளும். பருவநிலை மாற்றம் என்ற பேச்சே அவர்கள் காலத்தில் கிடையாது. நம்முடைய வேம்புக்கும் புங்கனுக்கும் அப்படி ஒரு நீண்ட குறிப்பேடு இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி. சரக்கொன்றை முன்னெல்லாம் சித்திரையில்தான் பூக்கும், இப்போது மாசியிலேயே பூக்கிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைச் சரிபார்க்க நம்மிடம் தேதி வேண்டும்.

அந்த வேலைக்காகவே இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இயங்குகிறது. உங்கள் மரத்தை அதில் பதிவுசெய்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் நிலவரத்தை அனுப்பலாம். பள்ளிப் பிள்ளைகளும் பெருமளவில் இதில் பங்கேற்கிறார்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளும் மூன்று அளவுகளும் பழகியிருந்தால் அதில் சேர வேறு பயிற்சி எதுவும் தேவைப்படாது. தொலைபேசி வேண்டாம் என்பவர்கள் சமையலறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் தாளிலேயே 'வேம்பு, முதல் தளிர்' என்று எழுதி, கிழித்து, ஓர் உறையில் போட்டுவைக்கலாம். நல்ல நேரமும் ராகுகாலமும் அச்சிட்ட அந்தத் தாளில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. ஊர்ப் பெயரை மட்டும் சேர்த்துவிடுங்கள்.